தங்க ரேஷன் கார்டும் மீசை வைத்த தேவதையும்

தூத்துக்குடியில் கடல் இரைச்சலை அடக்கக்கூடிய சத்தம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஊமைப்படம் அண்ணாச்சியின் தொண்டை. கடற்கரைச் சாலையில் நின்று அவர் பேச ஆரம்பித்தால், வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலில் தூங்குகிற கப்பித்தான் எழுந்து உட்காருவார் என்பார்கள். நான் அதை நம்புகிறவன். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். கதவைத் தட்டினால் அந்த அம்மாளே, "ஊமைப்படம் வீட்டுல இல்ல" என்றுதான் உள்ளேயிருந்து பதில் சொல்வாள்.

வாய் ஓயாத மனிதருக்கு இப்படி ஒரு பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. சினிமா பேசாமல் இருந்த காலத்தில் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று கதை சொல்வது அவர் உத்தியோகம். ராஜா வாயசைத்தால் ராஜாவுக்கு அவர் குரல், ராணி அழுதால் ராணிக்கு அவர் குரல். குதிரை ஓடினால் அதற்கும் அவரேதான் கனைக்க வேண்டும். பிறகு பேசும் படம் வந்தது. ராஜாவும் ராணியும் தாங்களே பேசிக்கொண்டார்கள். குதிரைகூடத் தானே கனைத்துக்கொண்டது. அண்ணாச்சிக்கு வேலை போயிற்று.

வேலைதான் போயிற்றே தவிர பழக்கம் போகவில்லை. தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்வார். கதாநாயகன் கதாநாயகியிடம், "உன்னை ஒருநாளும் மறக்கமாட்டேன்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இருட்டிலிருந்து ஒரு குரல் முழங்கும்: "பொய்யி! இன்னும் ரெண்டு ரீல்ல மறந்துருவான், பாருங்க!" ஜனங்கள் அழ வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். கடைசியில் கொட்டகைக்காரர் அவர் ஒருவரைத் தடுப்பதற்காகவே வாசலில் ஒரு பயில்வானை நிறுத்தினார்.

"என் வாய்க்குப் பூட்டு போட்டுட்டானுவ வே," என்றார் அண்ணாச்சி என்னிடம். "போவட்டும். இனி நானே படம் எடுக்கேன். பேசாத படம். பேசுததுக்குத்தான் நான் இருக்கேன்லா?"

அதைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. கொழும்புக்குப் போகிறவர்களைப் போட்டோ எடுத்துக் கொடுக்கும் சின்ன ஸ்டூடியோ ஒன்றை அப்போது நடத்திவந்தார். துறைமுக வேலையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறியபோது, கையால் சுற்றுகிற பழைய சினிமாக் காமிராவையும் படம் காட்டும் இயந்திரத்தையும் அவரிடம் விட்டுப்போயிருந்தார். பட்டாளத்துக்காரர்கள் கெடு முடிந்தது என்று கழித்துப்போட்ட பிலிம் பழைய சாமான் கடையில் கிடைத்தது. வேறென்ன வேண்டும்? ஊமைப்படம் அண்ணாச்சி முதலாளியும் டைரக்டரும் ஆகிவிட்டார்.

காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உலகச் சண்டை அப்போதுதான் முடிந்திருந்தது. சண்டை முடிந்ததே ஒழிய சோறு வரவில்லை. பர்மா அரிசி நின்றுபோய் வருஷங்களாகியிருந்தன. ஆளுக்கு இத்தனை அவுன்ஸ் என்று ரேஷன். அதிலும் அரிசி பாதி, கம்பும் சோளமும் பாதி. சில வாரங்களில் கம்பும் இல்லை.

அந்த ரேஷன் ஆபீசில் நான் குமாஸ்தா. அதுவும் டெம்பரரி குமாஸ்தா. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே முகம் முகமாக நிற்கும். கார்டு தொலைந்தவர்கள், கார்டில் பிள்ளையின் பெயர் விட்டுப்போனவர்கள், கார்டு இருந்தும் கடையில் அரிசி கிடைக்காதவர்கள். எல்லோருக்கும் நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: இல்லை. அதை வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதால் நாளடைவில் தலையை மட்டும் ஆட்டப் பழகிக்கொண்டேன். என் மனைவி பொன்னம்மாள் அப்போது முழுகாமல் இருந்தாள். சாயங்காலம் நான் வீட்டுப் படி ஏறியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஏங்க, வேலை இருக்குல்லா?" என்பதுதான். "இருக்கு" என்பேன். அன்றைய ராத்திரி தூக்கத்துக்கு அந்த ஒரு சொல் வேண்டும் எங்கள் இருவருக்கும்.

இந்த நிலையில்தான் அண்ணாச்சி தம்முடைய முதல் படத்துக்கு என்னை வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டார். கதை எல்லோருக்கும் தெரிந்த காக்கா, நரி, வடைக் கதை. வடை சுடுகிறவளாக அண்ணாச்சியின் சம்சாரம். நரியாகத் தோணியில் மூட்டை இறக்கும் சூசை. பின்னால் பனைநாரில் செய்த வால். காக்கா மட்டும் நிஜக் காக்கா. கடற்கரையில் பூவரச மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். எண்ணெய்க்கும் உளுந்துக்கும் ஊரே பறந்த நேரம். அந்த அம்மாள் நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து ஒரே ஒரு வடை சுட்டாள். அதன் மணத்துக்கு அந்தப் பக்கம் போன நாலு பேர் நின்றே விட்டார்கள்.

அண்ணாச்சி காமிராவுக்குப் பின்னால் நின்று காக்காவைப் பார்த்து முழங்கினார்: "வா! எறங்கு! இப்போ எறங்கு!" அந்தச் சத்தத்துக்குத் திருச்செந்தூர் வரைக்கும் உள்ள காக்காவெல்லாம் பறந்திருக்கும். மரத்திலிருந்த காக்காவும் பறந்துவிட்டது. அவர் கைப்பிடியை விட்டுவிட்டு, காக்காவை வையப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் வடை இல்லை. நரி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"ஏலே சூசை! என்னலே செஞ்ச?"

சூசை நடுங்கிப்போய் எழுந்து நின்றான். வால் ஒரு பக்கமாகத் தொங்கியது. "நேத்து மத்தியானத்துலருந்து ஒண்ணும் திங்கல அண்ணாச்சி. மணம் வந்துட்டு. கையி தானாப் போயிட்டு."

இனி கடற்கரையே இடியப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அண்ணாச்சியோ சூசைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அணைந்த அடுப்பையே பார்த்தார்.

"நரியும் பட்டினி, காக்காவும் பட்டினி, வடைக்காரியும் பட்டினி," என்றார் கடைசியில். "பொறவு இதுல எவனை எவன் ஏமாத்த? இந்தக் கதை இந்த ஊர்ல இப்போ நடக்காதுவே. வேற மாதிரி எடுக்கணும்."

என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் அத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்காது.

அவர் அடுத்து எடுத்துக்கொண்டது விறகுவெட்டி கதை. ஆற்றில் கோடாலியைத் தவறவிட்ட ஏழை, தங்கக் கோடாலியோடு எழும்பி வருகிற தேவதை, 'இது என்னுடையது இல்லை' என்று அவன் உண்மை பேசுவது, எல்லாவற்றையும் அவனுக்கே அவள் பரிசாகக் கொடுப்பது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லும் கதை. விறகுவெட்டி வேஷம் சூசைக்குத்தான் என்றார். "அவன் பசியில பொய் பேசாதவன். நானே பாத்திருக்கேன்."

தேவதைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தண்ணீருக்கடியில் இருந்து எழும்பி வருகிற வேஷத்துக்கு எந்தப் பெண் சம்மதிப்பாள்? கடைசியில் சங்கு குளிக்கிற மிக்கேல் அகப்பட்டார். மூச்சை அடக்குவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. மீசை வளர்ப்பதிலும் இல்லை. சேலை கட்டச் சம்மதித்தார். மீசையை எடுக்கச் சம்மதிக்கவில்லை.

"தேவதைக்கு மீசை ஏது அண்ணாச்சி?" என்று சூசை கேட்டான்.

"கடல் தேவதைக்கு உண்டு. நீ பாத்திருக்கியா? இல்லல்லா? அப்போ பேசாத இரி."

படம் பிடிக்கிற அன்று மிக்கேல் ஜரிகைச் சேலையோடு படகுத்துறையிலிருந்து கடலுக்குள் முங்கினார். அண்ணாச்சி கைப்பிடியில் கை வைத்துக் காத்திருந்தார். நாங்கள் காத்திருந்தோம். தேவதை வரவில்லை. அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்துக் கத்தினார்: "போதும்! வெளிய வாரும்!" அதற்கும் வரவில்லை. சூசை, "மாதாவே, சேலை கால்ல சுத்திட்டு போலிருக்கே!" என்று அலறிக்கொண்டு குதித்துவிட்டான். அவன் குதித்த மறுகணம் வேறொரு பக்கத்தில் தண்ணீர் கிழிந்து மிக்கேல் எழுந்தார். கையில், கோடாலிக்கென்று நான் நினைத்திருந்த தங்கக் காகிதத்துக்குப் பதில் இரண்டு பெரிய சங்குகள்.

"சும்மா கெடக்க நேரத்துல கொஞ்சம் பொழைப்பையும் பாத்தேன்," என்றார் தேவதை.

இதற்குள் என் தலைவிதியும் அந்தப் பிலிமில் ஏறிவிட்டது. ஒரு மத்தியானம் அண்ணாச்சி என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். "உமக்கு மந்திரி வேஷம்வே," என்றார்.

"விறகுவெட்டி கதையில் மந்திரி எங்கே அண்ணாச்சி?"

"நடுவுல ஒரு ராசா வாரான். ராசா வந்தா மந்திரி வரமாட்டானா?"

"கிரீடம், பட்டு..?"

"ஒண்ணும் வேண்டாம். ஆபீசுக்குப் போற கோட்டே போதும். புதுக்கால மந்திரி."

ஒரு கம்பி ஜன்னலுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்தார். மந்திரி ஏன் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறார் என்று கேட்டேன். "அந்தப்புரத்து ஜன்னல்," என்றார். அந்தப்புரத்தில் மந்திரிக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். காமிரா எதிரே இருந்தால் மனிதனுக்குப் புத்தி மட்டுப்பட்டுவிடுகிறது.

"ராசா ஒரு தப்பு செய்யப் போறான். நீரு கூடாதுன்னு சொல்லுதீரு. வாயைத் தொறக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டும்."

ஆட்டினேன். அண்ணாச்சி கைப்பிடியைச் சுற்றியபடி பரவசப்பட்டுப் போனார். "ஆகா! இல்லன்னு சொல்லுததுக்குன்னே செஞ்ச மூஞ்சிவே இது!" நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பொன்னம்மாளிடமும் போய்ச் சொன்னேன்.

உண்மை தெரிந்தது சூசை வழியாக. ஆபீஸ் ஜன்னலில் வரிசையில் நின்று தன் முறை வந்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "சார், நம்ம படத்துல நீங்கதான் ரொம்ப நல்லா செஞ்சிருக்கியளாம்! தேவதையே வந்து கேட்டாலும் கார்டு கெடையாதுன்னு தலையாட்டுதியளாமே!"

என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. விவரத்தைக் கேட்டுக் கேட்டு அறிந்தேன். அண்ணாச்சியின் படத்தில் கோடாலியே கிடையாது. சூசை சூசையாகவே வருகிறான். காற்றில் பறந்து கடலில் விழுவது அவனுடைய ரேஷன் கார்டு. தேவதை தங்கத்தில் ஒரு கார்டு, வெள்ளியில் ஒரு கார்டு காட்டுகிறாள். இரண்டும் தன்னுடையது இல்லை என்கிறான். அவனுடைய கார்டைத் தேவதையாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே புதுக் கார்டு வாங்கித் தர அவளே அவனோடு ரேஷன் ஆபீசுக்கு வருகிறாள். அங்கே கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நான் இருக்கிறேன்.

டெம்பரரி குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்ப ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொல்லக்கூடிய சப்ளை ஆபீசர், புதிதாக மாற்றலாகி வந்தவர், எனக்குப் பின்னால் இரண்டு மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். கை சுத்தமானவர். கண்டிப்பானவர். போலிக் கார்டு வைத்திருப்பவர்களைப் பிடிப்பதே அவருடைய ஜன்ம லட்சியம். அன்று அவர் எதையும் காதில் வாங்கவில்லை. ஆனால் மறுவாரம் ஊமைப்படம் அண்ணாச்சி நேராக அவர் முன்னாலேயே போய் நின்றார். படம் காட்ட இடம் வேண்டுமாம். அரிசி வந்தால் அடுக்கிவைக்கிற கிட்டங்கி ஒன்று ஆபீசர் பொறுப்பில் இருந்தது. அரிசி வராததால் அது காலியாகக் கிடந்தது.

"என்ன கதை?" என்று கேட்டார் ஆபீசர்.

"விறகுவெட்டி கதைங்க. உண்மை பேசுதவனுக்குத் தெய்வம் ஒத்தாசை செய்யுத கதை. ரேஷன் கார்டை வச்சே எடுத்திருக்கேன்."

ஆபீசர் முகம் மலர்ந்தது. "தன்னுடையதல்லாத கார்டை வேண்டாம் என்கிறானா? மிக நல்ல நீதி. ஜனங்கள் அவசியம் பார்க்க வேண்டும். நானே வருகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள்."

நான் அங்கேயே மயங்கி விழாதது பொன்னம்மாள் செய்த புண்ணியம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, படத்தை நிறுத்தும். இல்லாவிட்டால் நான் வருகிற இடத்தையாவது வெட்டும்."

"வெட்டுனா கதை தொங்கிப்போவும்வே."

"கதை தொங்காவிட்டால் நான் தொங்கவேண்டியதுதான்! ஆபீசர் முன்னால் உட்காரப் போகிறார். அவர் ஆபீசைக் கேலி செய்கிற படத்தில் அவருடைய குமாஸ்தா நான். வேலை போய்விட்டால் எங்கே போவேன்? அவள் முழுகாமல் இருக்கிறாள், அண்ணாச்சி."

அவருக்கு அது தெரியாது. கையிலிருந்த பிலிம் சுருளைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "படம் பேசாதுல்லா? பேசப்போறது நான்தான. நான் நல்லவிதமாச் சொல்லிருதேன். நீரு தலையாட்டும்போது, குமாஸ்தா ஐயா சந்தோஷத்துல தலையாட்டுதாருன்னு சொல்லுதேன். அரிசி இல்லாத எடத்துல அரிசி இருக்குன்னு சொல்லுதேன். ஆபீசர் வாயைப் பாப்பாரா, படத்தைப் பாப்பாரா? என் சத்தத்துக்கு முன்னால எந்தப் படமும் நிக்காது. நீரு வீட்டுக்குப் போயி ஒறங்கும்."

நான் வீட்டுக்குப் போனேன். உறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம். வெளிச்சம் வராமல் கிட்டங்கியின் சாளரங்களையெல்லாம் கோணிச் சாக்கால் மறைத்திருந்தார்கள். உள்ளே பழைய சாக்கின் வாசனை. அதில் எப்போதோ இருந்த அரிசியின் வாசனையும் லேசாகக் கலந்திருந்தது. மில் ஆட்கள், தோணிக்காரர்கள், பெண்டுபிள்ளைகள் என்று கிட்டங்கி கொள்ளாத கூட்டம். பொன்னம்மாளும் வரத்தான் செய்வேன் என்று வந்துவிட்டாள். புருஷன் மந்திரியாக வருவதைப் பார்க்க வேண்டாமா? முன்னால் நாற்காலியில் ஆபீசர். நான் கடைசியில், வாசலை ஒட்டி நின்றுகொண்டேன்.

அண்ணாச்சியின் சம்சாரம் படம் காட்டும் இயந்திரத்தைச் சுற்ற, அண்ணாச்சி பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளைத் துணியில் கடல் அசைந்தது. சூசை அசைந்தான். கார்டு பறந்து தண்ணீரில் விழுந்தது. ஜனங்கள் "ஐயோ" என்றார்கள். தேவதை எழும்பினாள், நனைந்த முக்காட்டுக்குள்ளிருந்து மீசை எட்டிப் பார்த்தது. சிரிப்பில் கிட்டங்கி இரண்டுபட்டது.

தேவதை தங்கக் கார்டை நீட்ட, சூசை வேண்டாம் என்று கையை ஆட்டினான். "பாத்துக்கிடுங்க மகாசனங்களே! பசியில செத்தாலும் அடுத்தவன் கார்டைத் தொடமாட்டான்!" என்றார் அண்ணாச்சி. ஆபீசர் கைதட்டினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்து தேவதை முங்கி எழுந்து வெறுங்கையை விரித்துக் காட்டினாள். அண்ணாச்சி பிரம்பை உயர்த்தினார். "அம்மா கார்டைக் கண்டுபிடிச்சிட்டா! எடுத்து... எடுத்து இடுப்புல சொருகி வச்சிருக்கா!" கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தேவதையும் சூசையும் ரேஷன் ஆபீசுக்கு நடந்தார்கள், அடுத்து திரையில் எங்கள் ஆபீஸ் வரிசை வந்தது. அந்த வரிசை நிஜ வரிசை. எப்போது வந்து எங்கே ஒளிந்து நின்று எடுத்தாரோ தெரியாது. "ஏளா, அது நீயில்லா!" "அய்யோ, என் மாமியால்லா நிக்கா!" என்று பெண்கள் திரையைப் பார்த்துக் கை நீட்டினார்கள். சிரிப்பு மெல்ல அடங்கியது. தங்கள் முகங்களை இத்தனை பெரிதாக, இத்தனை வாடலாக அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து திரை முழுக்க என் முகம். கம்பிக்குப் பின்னால், இப்படியும் அப்படியும் ஆடுகிறது. நீர் சொட்டுகிற தேவதை கும்பிடுகிறாள். மறுபடியும் என் தலை ஆடுகிறது.

"குமாஸ்தா ஐயா... சந்தோஷத்துல தலையாட்டுதாரு!"

"அண்ணாச்சி!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல். "அந்தச் சந்தோஷத்தை நாங்க தெனமும் பாக்கோம்!"

ஓட்டுக்கூரை பறந்துவிடுமோ என்ற சிரிப்பு. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் திரும்பி இருட்டுக்குள் யாரையோ தேடினார். யாரை என்று எனக்குத் தெரியும். பெண்கள் பக்கத்தில் பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை.

படம் ஓடியது. தேவதை தன் தங்கக் கார்டையே சூசைக்குக் கொடுத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பினாள். சூசை அதைக் கொண்டு கடைக்கு ஓடினான். கடைக்காரர் கார்டைக் கடித்துப் பார்த்தார், தங்கம்தான் என்று தலையசைத்தார், பிறகு அரிசி அளக்கிற படியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். "கடைக்காரரு சாக்கு நெறைய அள்ளிப் போடுதாரு!" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் கம்மியிருந்தது. வழக்கமாகக் கிட்டங்கிக்கு வெளியேயும் கேட்க வேண்டிய குரல், பாதிக் கூட்டத்துக்கு மேல் எட்டவில்லை.

கடைசியில் சூசையின் வீடு. அடுப்பில் சட்டி. சூசையின் சம்சாரமே நடித்திருந்தாள். சட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. பக்கத்தில் தங்கக் கார்டு.

"சட்டியில... சோறு பொங்குது," என்றார் அண்ணாச்சி. "பொங்கி வழியுது."

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பிள்ளையை மடியில் போட்டிருந்தவள், கோபமில்லாமல் சொன்னாள்: "இல்ல அண்ணாச்சி. வெறுந் தண்ணில்லா கெடக்கு."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். வாசல் பக்கம் நான் நிற்கிற இடத்தையும் ஒருதரம் பார்த்தார். பிரம்பைக் கீழே இறக்கினார்.

"ஆமா தாயி," என்றார். "வெறுந் தண்ணிதான்."

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. திரையில் சூசையின் சம்சாரம் தங்கக் கார்டை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடினாள். இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. படம் முடிந்து வெறும் வெளிச்சம் விழுந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சாக்குகளை இறக்கினார்கள். வெயில் உள்ளே வந்தது. ஆபீசர் எழுந்து அண்ணாச்சியிடம் போனார்.

"இதுதான் விறகுவெட்டி கதையா?"

"ஆமாங்க. வெறகும் கெடைக்கல்ல. அதான் மாத்திட்டேன்."

"நீர் சொன்னது ஒன்று, படத்தில் இருந்தது ஒன்று."

"பொய் சொன்னது என் வாயிதாங்க. படம் சொல்லல்ல."

ஆபீசர் கையால் சைகை காட்டி என்னைக் கூப்பிட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த வழியாக நடந்து அவர் முன்னால் போய் நின்றேன். "நீர் எப்படி இதில் சேர்ந்தீர்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கிட்டங்கி அதிர்ந்தது. அண்ணாச்சிக்குப் பழைய தொண்டை திரும்பிவிட்டது.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க! மந்திரி வேஷம்னு சொல்லிக் கூட்டியாந்தேன். ஆபீஸ் ஜன்னலை அந்தப்புரத்து ஜன்னல்னு சொன்னேன், நம்பிட்டாரு! அவ்வளவு வெவரம்தான்! இவரை நம்பி எவனாவது சதி செய்வானா? நீங்களே சொல்லுங்க!"

சனமெல்லாம் சிரித்தது. அத்தனை பேர் முன்னால் முட்டாள் என்று பேரெடுத்து அதற்காக நன்றி சொல்லத் தோன்றியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஆபீசரின் உதடுகூட ஒரு ஓரத்தில் அசைந்ததாகப் பொன்னம்மாள் பின்னால் சொன்னாள். நான் பார்க்கவில்லை, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிலிமை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார் ஆபீசர். அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் சுருளைத் தகர டப்பாவில் வைத்து, மூடியைத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட ஆபீசர் உடனே போகவில்லை. கூட்டம் கலைந்து முடியும்வரை கிட்டங்கி வாசலில் நின்று அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வேலை போகவில்லை. ஆனால் அது எனக்குத் தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. பியூன் ஏதாவது காகிதத்தோடு என் பக்கம் வந்தால் போதும், எழுந்தே நின்றுவிடுவேன். ஆபீசர் அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலிடத்துக்கு ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும். டைப் அடித்தது நான். 'கிட்டங்கி காலி' என்ற சொற்கள் எல்லாவற்றிலும் இருந்தன. பிலிம் திரும்பி வரவே இல்லை. அண்ணாச்சி ஸ்டூடியோவில் பழையபடி கொழும்புக்காரர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் அந்தச் சுருள் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை.

எங்கள் மூத்தவள் பிறந்து தலை நின்ற சமயம் அரிசிக் கப்பல் வந்தது. படத்துக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணாச்சி உண்டு என்பார். ஆபீசர் இல்லை என்பார். கப்பல் வெளிக்கடலில் நிற்க, தோணிகள் மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவந்தன. ஊரே கரையில் நின்றது. சூசை முதல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தபோது யாரோ குலவையிட்டார்கள். மூட்டையைக் கணக்கெடுக்க என்னைப் போட்டிருந்தார்கள். பொன்னம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜனத்தை விலக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். தோளில் காமிரா. அதன் மூன்று காலையும் மணலில் ஊன்றினார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். தோணி, மூட்டை, சூசை, கரையில் நிற்கிற பெண்கள் என்று ஒன்று விடவில்லை. எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். பழைய சாமான் கடையில் பிலிம் தீர்ந்து வெகுநாளாயிற்று. வேறெங்கும் கிடைக்கவுமில்லை.

பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன். "உள்ளே பிலிம் இல்லையே, அண்ணாச்சி?"

"அது எனக்குத் தெரியாதா? நீரு போயி அந்த மூட்டைகிட்ட நில்லும். ஏம்மா, நீயும் பிள்ளையும் அங்கன போங்க. பிள்ளை மூஞ்சி இங்க தெரியணும். ஆங், அப்பிடி. இப்போ சிரியும்வே."

நான் சிரித்தேன். பொன்னம்மாளும் சிரித்தாள். சூசை மூட்டையை இறக்கிவிட்டு எங்களோடு வந்து நின்றுகொண்டான். உள்ளே ஒன்றும் இல்லாத அந்தப் பெட்டியை அண்ணாச்சி வேர்க்க வேர்க்கச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவராக நிறுத்தும்வரை நாங்கள் ஒருவரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.